விளக்கு வைத்தபின் சொல்லாத பேர்

மருதம்மாளுக்கு ஒரு வேலையை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுவது என்றாலே ஆகாது. ஒரே வேலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் அவளுக்குப் பாவமாக இருக்கும். கல்யாண வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய பெரிய மெத்தை பாதி தைத்தபடி கட்டிலில் கிடக்கும். அமராவதி நகர் வாத்தியார் ஒருவருக்கான ஸ்வெட்டர் ஒற்றைக் கையோடு சன்னலில் தொங்கும். இன்னொரு ஸ்வெட்டருக்கு முதுகு மட்டும் முடிந்திருக்கும். இவை போதாதென்று மடியில் ஒரு போர்வை. பருப்பு வேகிற நேரத்துக்கு ஒன்று, குழாயில் தண்ணீர் வரக் காத்திருக்கிற நேரத்துக்கு ஒன்று என்று கை மாறிக்கொண்டே இருக்கும்.

அவள் புருஷன் கந்தவேல் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பின்னல் மெஷின் ஓட்டுகிறவன். "எங்க கம்பெனியில நாலு மெசினுக்கு நாலு ஆளுங்க. எங்கூட்டுல நாலு மெசினுக்கும் ஒரே ஆளு" என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பான். கேலிதான், ஆனால் கொஞ்சம் பெருமையும் கலந்த கேலி. கட்டிங் மேசையிலிருந்து விழும் துண்டுத் துணிகளைச் சாக்கில் போட்டுக் கொண்டுவருவதும் அவன்தான். பெரிய துண்டுகளை ஒட்டுப் போட்டு மேலே தைத்து, பொடித் துண்டுகளை உள்ளே திணித்தால் மெத்தை. கம்பளிப் பின்னலை முன்பு பக்கத்து வீட்டில் குடியிருந்த மலையாள நர்ஸம்மாவிடம் கற்றுக்கொண்டாள்.

இத்தனையும் ஒன்றோடொன்று குழம்பாமல் இருந்ததற்கு அவளிடம் ஒரே ஒரு சட்டம் இருந்தது. ஒரு வேலைக்கு ஒரு ஊசி. பாதியில் எழுந்தால் ஊசியை அந்தத் துணியின் ஓரத்திலேயே குத்திவைத்துவிட்டு எழுவாள். வேலை முடிந்த பிறகுதான் அந்த ஊசி சுவரில் தொங்கும் துணிப்பந்துக்குத் திரும்பும். ஒரு துணியின் ஊசி இன்னொரு துணிக்குப் போகாது. இந்தச் சட்டத்தைத் தான் மீறியதே இல்லை என்று மருதம்மாள் சத்தியம் செய்வாள். செய்யட்டும்.

அந்தக் கார்த்திகை மாதத்தில் அவள் உயிரைக் கொடுத்துச் செய்தது தங்கை ஜானகியின் குழந்தைக்கான தொட்டில் மெத்தையை. பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டதால் ஜானகியை வளர்த்ததும், மங்கலத்தில் விசைத்தறி வைத்திருக்கும் அர்த்தநாரிக்குக் கட்டிக்கொடுத்ததும் மருதம்மாள்தான். ஜானகிக்கு இரண்டு தடவை கரு நிற்கவில்லை. இரண்டாவது தடவை நடந்ததுதான் பெரிய கதை. ஒருநாள் பொழுது சாய்ந்து விளக்கு வைத்த பிறகு, ஜானகி புருஷன் சட்டைக்குப் பொத்தான் தைக்கப் பக்கத்து வீட்டில் போய் ஊசி கேட்டு வாங்கி வந்தாள். மாமியார் கண்ணம்மாள் பார்த்துவிட்டாள். கொஞ்ச நாளில் கரு கலைந்தது. டாக்டர் ஏதோ காரணம் சொன்னார். டாக்டர் சொன்னதை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. கண்ணம்மாள் சொன்னதை யாராலும் மறக்க முடியவில்லை.

விளக்கு வைத்த பிறகு ஊசி விற்க மாட்டார்கள், இரவல் கொடுக்க மாட்டார்கள் என்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான். கண்ணம்மாள் வீட்டில் அதற்குப் பிறகு அந்தப் பேரையே சொல்லக்கூடாது என்றாகிவிட்டது. பாம்புக்காவது இருட்டில் பூச்சி என்று மாற்றுப் பேர் இருக்கிறது. ஊசிக்கு அந்த வீட்டில் மாற்றுப் பேர்கூடக் கிடையாது.

மருதம்மாள் இதையெல்லாம் நம்பினாளா என்றால், பகலில் நம்ப மாட்டாள். ஆனால் ஜானகி மூன்றாவது தடவை முழுகாமல் இருந்து அக்கா வீட்டில் வந்து தங்கியபோது, பொழுது சாய்ந்த பிறகு இவள் வாயிலிருந்தும் அந்தப் பேர் வந்ததில்லை. ஒரு வார்த்தையை விழுங்கினால் ஓர் உயிர் நிற்கும் என்றால் விழுங்கிவிட்டுப் போகலாமே. உயிர் நின்றது. தண்டாயுதபாணி என்று முருகன் பேரையே வைத்தார்கள். குளிப்பாட்டியது, சாம்பிராணி போட்டது, தோளில் போட்டுத் தட்டியது எல்லாம் பெரியம்மாதான். ஜானகிக்குப் பால் கொடுப்பது மட்டும்தான் வேலை.

ஐந்தாம் மாதத்தில் ஜானகியையும் குழந்தையையும் புருஷன் வீட்டுக்குக் கூட்டிப்போக நாள் பார்த்தார்கள். கண்ணம்மாளும் அர்த்தநாரியும் வாடகைக் காரோடு காலையிலேயே வந்துவிட்டார்கள். மருதம்மாளுக்கோ மெத்தையில் இன்னும் ஓரம் மடித்துத் தைக்க வேண்டியிருந்தது. குழந்தைக்கு வெள்ளைக் கம்பளியில் பின்னிய குல்லாவும் அப்போதுதான் பின்னல் கம்பியிலிருந்து இறங்கியது. ஆளுக்கொரு பக்கம் கூப்பிட்டார்கள். கார்க்காரன் ஹாரன் அடிக்கிறான் என்றான் கந்தவேல். நல்ல நேரம் தாண்டுகிறது என்றாள் கண்ணம்மாள். குல்லாவுக்கு நாடா இல்லையே, காற்றில் பறந்துவிடுமே என்றாள் ஜானகி. கல்யாண மெத்தைக்காரர்கள் வேறு ஆள் அனுப்பிவிட்டார்கள். எல்லாருக்கும் "இதா ஆச்சு, இதா ஆச்சு" என்று பதில் சொல்லிக்கொண்டே மருதம்மாள் குழந்தைக்கானதை எல்லாம் முடித்து, குழந்தையை முத்தமிட்டுக் காரில் ஏற்றினாள். கார் தெருமுனை திரும்பியதும் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் துணிப்பந்தைப் பார்த்தாள். தொட்டில் மெத்தைக்கென்று வைத்திருந்த மெல்லிய ஊசி அதில் இல்லை.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. இருக்கிற இடத்தில் இருக்கும் என்று பாயை உதறினாள். கல்யாண மெத்தையில் அதன் ஊசி சிவப்பு நூலோடு இருந்தது. போர்வையில் அதன் ஊசி இருந்தது. தன் முந்தானையைத் தடவினாள், ரவிக்கையைத் தடவினாள், கொண்டையைக்கூடத் தடவினாள். நீல நூல் கோத்த அந்த ஊசி மட்டும் எங்கேயும் இல்லை. வேலை முடியாமல் ஊசி துணியைவிட்டு வராது. அவளுடைய சட்டமே அதுதானே. அப்படியானால் அது இன்னும் மெத்தையில்தான் இருக்கிறது. மெத்தைமேல் குழந்தை படுத்திருக்கிறது.

சாப்பாட்டுக்கு வந்த கந்தவேல் அவள் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனான். விஷயத்தைக் கேட்டதும் திரும்பக் கம்பெனிக்கு ஓடினான். மெஷின் ஊசி உடைந்து விழுந்தால் தேடி எடுக்க மெக்கானிக்கிடம் காந்தம் இருக்கும். அதை வாங்கிவந்து வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் தரையோடு தரையாக இழுத்தான். கொண்டை ஊசி ஒட்டியது. அவன் கால்சட்டை மடிப்பில் ஒட்டி வந்து எப்போதோ விழுந்த மெஷின் ஊசித் துண்டுகள் ஒட்டின. நீல நூல் ஊசி வரவில்லை.

"இங்க இல்ல மருதா" என்றான் தரையில் உட்கார்ந்தபடியே. "அவுங்கூட்டுல போனும் இல்ல. நீ மொதல்ல கெளம்பு. நான் கம்பெனியில சொல்லீட்டுப் பொறகால வாரேன்."

காந்தத்தைக் கையோடு எடுத்துப் போகலாம் என்று இருவருக்கும் தோன்றவில்லை. பதறும்போது தோன்ற வேண்டியது எது தோன்றியிருக்கிறது?

மங்கலம் பஸ் வரவே நேரமானது. ஏறி உட்கார்ந்தவள் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவில்லை. அந்த மெத்தையை எத்தனை மென்மையாகத் தைத்திருந்தாள் என்பதுதான் இப்போது அவளை வதைத்தது. கடினமான துணியென்றால் ஊசி நின்ற இடத்தில் நிற்கும். இது இளம் துணி, பொடித் துண்டு, குழந்தை புரளப் புரள ஊசி உள்ளே நகரும், எந்தப் பக்கமும் வரும். முதுகுப் பக்கம் வரலாம், கழுத்துப் பக்கம் வரலாம். ஐந்து மாதக் குழந்தைக்கு அழத்தான் தெரியும், என்ன என்று சொல்லத் தெரியாது. பசிக்கு அழுகிறான் என்று ஜானகி பாலைக் கொடுத்துத் திரும்ப அதன்மேலேயே போடுவாள். பக்கத்தில் இருந்த பெண் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாராச்சும் தவறீட்டாங்களாம்மா?" என்று கேட்டாள்.

அவள் போய் இறங்கி ஓடியபோது மங்கலத்தில் விளக்கு வைத்துவிட்டார்கள். அர்த்தநாரி வீட்டு முன்கட்டில் தறிகள் தடதடத்துக்கொண்டிருந்தன. நடுக்கூடத்தில் முருகன் படத்துக்கு முன்னால் கண்ணம்மாள் அப்போதுதான் விளக்கேற்றி நிமிர்ந்திருந்தாள். அதற்கு அப்பால் உத்தரத்தில் சேலைத் தொட்டில் தொங்கியது. தொட்டில் லேசாக ஆடியது. குழந்தை உள்ளே இருந்தான்.

"வாங்க, வாங்க. காத்தால அனுப்பி வெச்சவீங்க பொழுதுக்குள்ள வந்து நிக்கறீங்க. புள்ளைய உட்டுட்டு இருக்க முடியலீங்களா?" என்று கண்ணம்மாள் சிரித்தாள்.

"அத்தைங்க, குழந்தையத் தூக்குங்க. மெத்தையில இருக்குதுங்க."

"என்ன இருக்குது?"

மருதம்மாள் வாயைத் திறந்தாள். எரிகிற விளக்கு கண்ணில் பட்டது. இரண்டு தடவை வெறும் மடியோடு தன் வீட்டு வாசலில் வந்து நின்ற ஜானகி கண்ணில் பட்டாள்.

"அதுங்க... பேரு சொல்லக்கூடாதுங்க இந்நேரத்துல. மெலிசா, நீளமா... குத்தீருமுங்க!"

தறிச் சத்தத்தில் கண்ணம்மாள் காதில் விழுந்தது 'குத்தீரும்' இல்லை, 'கொத்தீரும்'.

கண்ணம்மாளின் முகம் வெளுத்தது. "அய்யோ, பூச்சி! அர்த்தநாரி, ஓடியாடா, தொட்டில்ல பூச்சி!" என்று அலறினாள்.

தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. அர்த்தநாரி தடியோடு ஓடி வந்தான். போன வாரம்தான் நூல் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து ஒன்றை அடித்துப் போட்டிருந்தார்கள். அதன் சோடி எங்கேயோ இருக்கிறது என்று வீடே பயந்துகொண்டிருந்தது. மருதம்மாள் தொட்டிலைப் பார்த்துப் பாய்ந்தாள். அவன் குறுக்கே விழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். மனைவியின் அக்காளை நங்கையா என்று கூப்பிடுகிறவன், அவள் எதிரில் நிமிர்ந்துகூடப் பேசாதவன், எலும்பு நொறுங்குகிற மாதிரி பிடித்தான்.

"நங்கையா, கிட்ட போவாதீங்க. தொட்டில அசைச்சாக் கொத்தீருமுங்க."

"உடுங்க என்னை! குழந்தையத் தூக்கோணும்!"

"சத்தம் போடாதீங்க, உங்களக் கும்புட்டுக்கறேன்" என்றாள் கண்ணம்மாள். கிழவி கைகூப்பித்தான் நின்றாள். உள்ளேயிருந்து ஓடிவந்த ஜானகி கதவுநிலையைப் பிடித்தபடி வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள்.

மருதம்மாளுக்கு அப்போதுதான் விளங்கியது, தான் என்ன செய்துவிட்டோம் என்று. குழந்தையைத் தூக்கச் சொல்ல வந்தவள், குழந்தையை யாரும் தொடாதபடி செய்துவிட்டாள். நான்கு பெரியவர்கள் ஒரு தொட்டிலைச் சுற்றி மூச்சுவிடாமல் நிற்கிறார்கள். உள்ளே அவன் கால் உதைக்கிறது.

"பூச்சி இல்லீங்க" என்றாள்.

"பின்ன என்னதுங்க?"

சொல்ல முடியவில்லை. இரும்பு என்றிருக்கலாம், கம்பி என்றிருக்கலாம், தைக்கிற சாமான் என்றிருக்கலாம். அடுத்த நாள் யோசித்தால் ஆயிரம் வார்த்தை வரும். அந்த நேரத்தில் அவள் தலைக்குள் ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது, அதுவோ இந்த வீட்டில் சொல்லக்கூடாத வார்த்தை. அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பயத்தில் உளறுகிறாள் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

குழந்தை சிணுங்கினான். பிறகு வீலென்று கத்தினான்.

"கடிச்சுப் போட்டுதாட்ட இருக்குதே!" என்று ஜானகி தலையில் அடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள்.

அர்த்தநாரி மருதம்மாளின் கையை விட்டான். ஓசைப்படாமல் குனிந்து, தொட்டிலுக்கு அடியில் தடியின் நுனியைக் கொண்டுபோனான். சுருண்டு கிடப்பது எந்தப் பக்கம் என்று தடவிப் பார்க்கிறானாம். சேலைக்கு அடியிலிருந்து மெத்தையை மேலே நெம்பினான். குழந்தையின் முதுகோடு மெத்தை அழுந்தியது.

"ஊசி!"

மருதம்மாளுக்கே அது தன் குரல் என்று தெரியவில்லை. "ஊசி! ஊசி! மெத்தையில ஊசிய வெச்சுத் தெச்சுப் போட்டேன்! அழுத்தாதீங்க!"

தறிகள் எல்லாம் நின்றிருந்த வீட்டில் அந்த வார்த்தை சுவருக்குச் சுவர் கேட்டது. அர்த்தநாரியின் தடி கீழே விழுந்தது. கண்ணம்மாள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். ஜானகி மட்டும் நேரத்தையும் பார்க்கவில்லை, விளக்கையும் பார்க்கவில்லை. எழுந்து வந்து இரண்டு கையையும் தொட்டிலுக்குள் விட்டுக் குழந்தையை அள்ளினாள். விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முதுகில் ஒன்றுமில்லை. தொடையில், கழுத்தில், குதிகாலில் ஒன்றுமில்லை. தூக்கம் கலைந்த கோபத்தில்தான் கத்தியிருக்கிறான். ஜானகி குழந்தையை அக்காளிடம் நீட்டிவிட்டு அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள்.

அர்த்தநாரி மெத்தையை எடுத்துவந்து கூடத்தில் போட்டு, தறியில் நூல் அறுக்கிற பிளேடால் கிழித்தான். நீல ஓரத்தைப் பிரித்தான், ஒட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தான். உள்ளேயிருந்த பனியன் பொடித் துண்டுகள் கூடம் முழுக்கச் சிதறின. பிடிபிடியாக அள்ளி விளக்கடியில் பிசைந்து பார்த்தான். தொட்டில் சேலையை உதறினான். கடைசியில் வெறும் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"இல்லீங்க நங்கையா. இதுல ஒண்ணுமே இல்லீங்க."

கண்ணம்மாள் காதிலிருந்து கையை எடுத்தாள். "இல்லாத ஒண்ணுக்கா வெளக்கு வெச்ச ஊட்டுல நின்னு அந்தப் பேரக் கத்துனீங்க? எத்தனை தடவ கத்துனீங்க! என்ன வருமோன்னு எனக்கு ஈரக்கொல நடுங்குதுங்க."

மருதம்மாளுக்கு அது ஏசலாகவே படவில்லை. இல்லை. மெத்தையில் இல்லை. குழந்தை ஊசிமேல் படுக்கவே இல்லை. மத்தியானத்திலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாறை இறங்கியது. திட்டட்டும், இன்னும் நன்றாகத் திட்டட்டும். "சாமி, தண்டபாணி, எஞ்சாமி" என்று பிதற்றிக்கொண்டே குழந்தையை இரண்டு கையாலும் வாரி இறுக்கினாள். கார்த்திகைக் குளிருக்குக் குல்லா போட்டிருந்த அந்தத் தலையைத் தன் கன்னத்தோடு சேர்த்து வைத்து, பின்மண்டையில் உள்ளங்கை கொடுத்து, தன்னால் முடிந்த மட்டும் அழுத்திக்கொண்டாள்.

தாடையில் சுருக்கென்றது.

கொசு என்றுதான் நினைத்தாள். முகத்தை விலக்கினாள். குல்லாவின் வெள்ளைக் கம்பளியில் ஒரு சொட்டு ரத்தம். குழந்தையுடையதில்லை, அவளுடையது. நெற்றிக்கு மேலே இரட்டையாக மடித்துவிட்ட விளிம்பிலிருந்து நுனி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு அது பளபளத்தது. நாடா தைத்த இடத்தில் நீல நூல் வால் தொங்கியது.

இப்போது எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. நாடா இல்லையே என்று ஜானகி கேட்டதும், வேறு ஊசி கோக்க நேரமில்லாமல் மெத்தை முடிந்த கையோடு அதே ஊசியால் குல்லாவுக்கு நாடா தைத்தது. யாரோ கூப்பிட்டதும், எப்போதும் செய்கிறபடி, கையிலிருந்த துணியின் ஓரத்திலேயே ஊசியைக் குத்திவிட்டு எழுந்தது. பிறகு அவளே அதைக் குழந்தையின் தலையில் மாட்டி, மோவாய்க்குக் கீழே நாடாவை முடிந்து, அழகு பார்த்தது.

முனை வெளிப்பக்கம் பார்த்திருந்தது. அவ்வளவுதான். அதை யாரும் பார்த்துத் திருப்பி வைக்கவில்லை. உள்பக்கம் பார்த்திருந்தாலும் காரில் ஒன்றும் ஆகியிருக்காது, தொட்டிலில் ஒன்றும் ஆகியிருக்காது. உச்சிக்குழி இன்னும் மூடாத அந்தத் தலையை இவள் இறுக்கினாளே, அப்போது ஆகியிருக்கும்.

கண்ணம்மாளும் பார்த்துவிட்டாள். அர்த்தநாரி நாடாவை அவிழ்த்து, குல்லாவைத் தலையிலிருந்து தூக்கி எடுத்தான். குழந்தை பெரியம்மாவின் தாடையில் வழிந்த ரத்தத்தைப் பிடித்து விளையாடக் கையை நீட்டினான்.

மருதம்மாள் குழந்தையைத் தன் உடம்பில் படாமல் முன்னால் நீட்டிப் பிடித்தாள்.

"வாங்கிக்கோ ஜானகி. என்ற கையில இருந்து மொதல்ல வாங்கிக்கோ கண்ணு."

ஜானகி எழுந்து வந்து வாங்கிக்கொண்டாள். பரவாயில்லை அக்கா என்று அவள் சொல்லவில்லை.